கொட்டை எடுத்த புளி

அண்ணி,

இன்று காலை புளி கரைக்கும்போது விரலில் தட்டுப்பட்டது கொட்டை இல்லை.

புளியங்கொட்டை வழுக்கும். தினமும் கரைக்கிற கை, தானாகவே அதை ஒரு பக்கம் தள்ளிவிடும். இது வழுக்கவில்லை. ஓரம் மடிந்து, விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. குழாயில் அலசிப் பார்த்தேன். சாம்பல் நிறம். மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் பாவாடை மாதிரி விரிந்து, நடுவில் ஒரு சின்ன இடுப்பு.

உங்கள் துப்பாக்கியின் பெல்லட் குண்டு.

குழாயை மூட மறந்து அப்படியே நின்றேன். சாம்பார் கொதித்து அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. அதற்கு ஊறிய புளியை மத்தால் கடைந்து கரைத்தது அம்மா. வடிகட்டிய சக்கையை ரசத்துக்காக இரண்டாம் முறை கரைக்கத்தான் என்னிடம் கொடுத்திருந்தாள். மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்கு மெஸ் திறக்கும். முன்பக்கம் அம்மா மேஜை துடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் கேட்கவில்லை.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் உங்களிடம் எத்தனையோ தடவை மனதுக்குள் பேசியிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. இடது கையில் துணி சுற்றியிருக்கிறது. வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கல்யாணமாகி வங்காளத்துக்கு வந்து, சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது கையில் ஒரு சுருட்டிய பாய் இருந்தது. கூலிக்காரர் கேட்டும் கொடுக்கவில்லை, அண்ணன் கேட்டும் கொடுக்கவில்லை. கிடர்பூரில் நம் வீடு வரைக்கும் டாக்சியில் மடியிலேயே வைத்திருந்தீர்கள். கல்யாணச் சீரில் வந்த பாய் என்று நினைத்து அம்மா அதை ஆசையாக விரித்தாள். உள்ளே ஏர்கன்.

"இது என்னதும்மா?"

"காலேஜ்ல என்.சி.சி.யில சுட்டேன் அத்தை. மெடல் கூட வாங்கியிருக்கேன்."

"மெடல வச்சிக்கோ. இத ஊருக்கு அனுப்பிரு. சோறு போடுத எடத்துல துப்பாக்கிக்கு என்ன சோலி?"

அண்ணன் கப்பல் வேலைக்குத் திரும்பும்போது அதை எடுத்துக்கொண்டு போய்விட்டதாக அம்மா நம்பினாள். அது பரணில், பெரிய அண்டாவுக்குப் பின்னால் இருந்தது. அது உங்களுக்கும் அண்ணனுக்கும் எனக்கும்தான் தெரியும்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். யாரும் நிறுத்தவில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. எழுத்து தெரியும், அர்த்தம் தெரியும், குரல் மட்டும் வராது. ஒரு நாள் போகவில்லை, மறுநாள் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது. மெஸ்ஸிலும், அதோடு ஊர்ச் சாமான் விற்கிற கடையிலும் ஒரு கை குறைந்ததால் அம்மாவும் வற்புறுத்தவில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருக்கிறதே, அதன் வழியாகப் பாத்திரங்களைத் தள்ளுவேன். சாப்பிட வருகிறவர்களுக்கு என் கை தெரியும். முகம் தெரியாது.

நீங்கள் வந்த மூன்றாம் மாதம், ஒரு மத்தியானம், முற்றத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தீர்கள். அடுப்படிப் படியிலிருந்து கோடவுன் சுவர் வரை பதினாறு எட்டு.

"பத்து மீட்டர் வருதுட்டி. இங்கயே சுடலாம்."

நான் உடனே மேலே பார்த்தேன். மாடியில் குடியிருக்கும் வங்காளி அத்தை, காக்கிமாவின் சமையலறை ஜன்னல். கொடியில் அவர் சேலை. சுவர்மேல் பூனை. பிறகு என்னையும் பார்த்துக்கொண்டேன். குண்டு எங்கெல்லாம் போகலாம் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"பயப்படுதியா? ரொம்ப நல்லது. எனக்கு ஒரு பெட்டி வேணும். சுட்டது அதுக்குள்ள போய் அங்கயே கெடக்கணும். தாண்டிப் போகவும் கூடாது, திரும்பி வரவும் கூடாது. நீயே செஞ்சு குடு."

"நானா?"

"பின்ன யாரு? எனக்குத்தான் பயமே கெடையாதே. நான் செஞ்சா ஓட்டைப் பெட்டியாத்தான் இருக்கும். பயந்தவ செஞ்ச பெட்டியிலதான் நான் சுடுவேன்."

அதுவரை என் பயத்தை யாரும் எதற்கும் கேட்டதில்லை.

முதல் பெட்டி, ஆப்பிள் வந்த மரப்பெட்டி. பழைய பேப்பரை அடுக்கி, இறுக்கிக் கயிறு கட்டி, முன்னால் புள்ளித்தாளை ஒட்டினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. ஆனால் நீங்கள் குறி தவறுகிறவர் இல்லையே, ஒரே இடத்தில் சுட்டுச் சுட்டு அந்த இடம் பஞ்சாகப் போய், மூன்றாம் நாள் குண்டு தாண்டிப் போய்ச் சுவரில் செங்கல் உதிர்ந்தது. "நல்லாச் சுட்டாலும் தப்புங்கே" என்று என்னைக் கிண்டல் செய்தீர்கள்.

இரண்டாவதுதான் பெரிய தப்பு. கீறல் விட்ட பழைய தோசைக்கல் ஒன்று கிடந்தது. இரும்புதானே, எதையும் தாங்கும் என்று அதைப் பெட்டியின் முதுகில் நேராக நிறுத்தினேன். முதல் குண்டு கல்லில் பட்டதும் ஒரு துண்டு சிதறி வந்து உங்கள் புருவத்துக்கு மேலே கீறியது. ஒரு கோடு ரத்தம். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்கும் கீறலுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. நீங்கள் முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அத்தை கேட்டா அலமாரிக் கதவு இடிச்சிட்டுன்னு சொல்லுதேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ சொல்லவா போறே" என்றீர்கள்.

அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. அடுத்த நாள் தோசைக்கல்லை முன்பக்கம் சரிந்து நிற்கும்படி சாய்த்து வைத்தேன். பட்ட குண்டு கீழே நான் பரப்பியிருந்த மணலில் விழுந்தது. நீங்கள் கையைத் தட்டினீர்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் கோயில் மணி மாதிரி சத்தம். காக்கிமா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"கீ ஹொச்சே ரே?"

என்ன நடக்கிறது என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்கு உங்களைவிட நன்றாக வங்காளி தெரியும். வாய் வரவில்லை. நீங்கள் துப்பாக்கியைச் சேலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தமிழையும் ஹிந்தியையும் போட்டுப் பிசைந்து, "தோசா கல்லு காக்கிமா, ரிப்பேர்" என்றீர்கள். காக்கிமா, தோசைக்கல்லுக்கு என்ன ரிப்பேர் என்று யோசித்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார். அவர் போனபிறகு நீங்கள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். நான் சத்தமாகச் சிரித்து அதற்கு முன்னால் நீங்கள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இனி சத்தம் வராத பெட்டி வேண்டும். களிமண் வைத்துப் பார்த்தேன், காய்ந்து வெடித்தது. கிழிந்த துணியைத் திணித்தேன், குண்டு அதைச் சுருட்டி இழுத்துக்கொண்டு போனது. அந்த மழைக்காலத்தில்தான் கடையில் விற்காமல் கிடந்த போன வருஷத்துப் புளி ஈரம் கோத்து, கறுத்து, கட்டியாக ஒட்டிக்கொண்டது. அம்மா அதைத் தூக்கிப்போடச் சொன்னாள். தூக்கும்போது என் கையிலிருந்த கத்தி அதன்மேல் விழுந்தது. சத்தமே இல்லை. கத்தி அப்படியே நின்றது. நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்து கிலோ எண்ணெய் டின்னின் மூடியை வெட்டி எடுத்தேன். புளியில் கொட்டை இருந்தால் குண்டு அதில் பட்டுத் திரும்பும் என்று பயம். அதனால் அரிவாள்மணையில் உட்கார்ந்து ஒன்பது நாள் கொட்டை எடுத்தேன். நார் உரித்தேன். பூச்சி வராமல் இருக்க ஊரில் செய்கிற மாதிரி கல்லுப்புத் தூவி அடுக்கடுக்காக அமுக்கினேன். டின்னைப் படுக்கவைத்து, வாயில் பாலிதீன் கட்டி, அதன்மேல் புள்ளித்தாள். நீங்கள் சுட்டீர்கள். தொப்பென்று ஒரு சத்தம், பக்கத்து அறையில் தலையணை விழுந்த மாதிரி. குண்டு திரும்பவில்லை. காக்கிமாவின் ஜன்னல் திறக்கவில்லை.

"ஏட்டி, ஒலகத்துலயே யாரும் புளியில சுட்டிருக்க மாட்டாங்க" என்றீர்கள். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா ஒண்ணு" என்றீர்கள். "இது இனிமே புளி இல்லை. சோத்துப் பக்கமே கொண்டுவரப்படாது. குண்டு காரீயம். புளிப்புல ஈயம் கரையும். கண்ணுக்குத் தெரியாது, ஒடம்புல போய்த் தங்கிரும். சின்னப் பிள்ளைகளுக்குன்னா மூளையையே கெடுத்துரும்."

"நம்ம கடையில ஈயச் சொம்பு விக்கிறோமே. அதில ரசம் வைப்பாங்களே?"

"அது வெள்ளீயம்ட்டி. இது வேற. டின்மேல விஷம்னு எழுதி ஒட்டு."

நான் எழுதவில்லை, அண்ணி. எழுதினால் அம்மா பார்ப்பாள், என்ன விஷம் என்று கேட்பாள், நான் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து எழுதவில்லை. ஷெட்டில் பழைய சாக்குகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் போதும் என்று நினைத்தேன்.

தினமும் சுட்டு முடிந்ததும் குண்டுகளைக் கத்தி முனையால் தோண்டி எடுப்பேன். நாற்பது சுட்டால் நாற்பது எடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நீங்கள் எழுந்திருக்க விடமாட்டீர்கள். பிறகு ஈரக் கையால் புளியைத் தடவி மட்டமாக்குவேன். இரண்டு பேரும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவோம். மாநிலப் போட்டிக்குத் தேர்வு வந்தது. "ஜெயிச்சிட்டு அத்தைகிட்ட நானே சொல்லுதேன். அதுவரைக்கும் நீ வாயத் தெறக்கப்படாது" என்றீர்கள். சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள், யாரிடம் போய் இதைச் சொல்கிறோம் என்று.

இதெல்லாம் இன்று குழாயடியில் நின்ற அந்த இரண்டு நிமிஷத்தில் மனதில் ஓடியது. பிறகு சக்கையைத் தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பினேன். இன்னும் ஒன்று. இன்னும் இரண்டு. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

"ஏளா, ரசத்துக்கு இன்னும் கரைக்கலையா?"

அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். குண்டுகளை முந்திக்கொண்டு கைக்குள் மூடினேன்.

"அம்மா, இந்தப் புளி ஏது?"

"ஏன், கரையலையா?"

"கரையுது."

"இந்த வருசத்துப் புளி லாரி இன்னும் வரலைல்லா. நேத்து ஷெட்ட ஒதுக்கினேன். சாக்குக்குப் பின்னால ஒரு டின் கெடந்துது. நிமுத்தி வச்சு, பாலிதீனை அவுத்துப் பாத்தா, பழம்புளி. கருகருன்னு. ஒரு கொட்டை இல்லை, ஒரு நார் இல்லை. உப்புப் போட்டு அமுக்கி, மேலே மட்டமாத் தடவி வச்சிருக்கு. அப்பமே மேலாக வழிச்சு வெந்நியில ஊறப்போட்டுட்டேன்."

நான் தாம்பாளத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நீயா வச்சே? நீ எங்க வைக்கப் போறே. ஒங்க அண்ணிதான்." அம்மா அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டாள். "அடுப்படி தெரியாதவன்னு அவள எத்தனை ஏச்சு ஏசியிருப்பேன். எனக்குத் தெரியாம உக்காந்து இவ்வளவு புளிக்கும் கொட்டை எடுத்து வச்சிருக்கா. ஒரு வார்த்தை சொல்லலை பாரு."

துண்டால் கண்ணைத் துடைத்தாள். அம்மா உங்களுக்காக அழுது நான் பார்த்தது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தடவை. இது இரண்டாவது.

"இன்னைக்குச் சாம்பார் மணமே வேற. அவ பேரச் சொல்லித்தான் ஊத்தப்போறேன். மேல காக்கிமாவுக்கும் ஒரு உருண்டை குடுத்தேன், மத்தியானம் சட்னி வைக்கப்போறாங்களாம். எம் மருமக வச்ச புளின்னு சொல்லிக் குடுத்தேன்."

அம்மா சாம்பாரை வாளியில் ஊற்றினாள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

நான் செய்த தப்பு எந்த நாளில் நடந்தது என்று எனக்குத் தெரியும். பூஜைக்குப் பத்து நாள் இருந்தது. தெருவில் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் நாற்பதாவது குண்டைச் சுட்டுவிட்டு, துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியில் உட்கார்ந்தீர்கள். "கண்ணுக்குப் பின்னால வலிக்குட்டி" என்றீர்கள். நெற்றியைத் தொட்டேன். சுட்டது. நான் கத்தியை எடுத்தபோது, "நாளைக்கு எடுத்துக்கலாம், மூடு" என்றீர்கள். குழிகள் தெரியக்கூடாது என்று மேலே மட்டும் ஈரக்கையால் தடவி, பாலிதீனைக் கட்டி, சாக்குக்குப் பின்னால் தள்ளினேன். துப்பாக்கியைப் பரணில் ஏற்றினேன். மறுநாள் நீங்கள் எழுந்திருக்கவில்லை. டெங்கு என்றார்கள். ஆறாம் நாள், பந்தலில் டாக் மேளம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணனுக்குக் கப்பலுக்குப் போன் போட்டு அம்மா பேச முடியாமல் என்னிடம் கொடுத்தாள். நானும் பேசவில்லை. என் மௌனத்தை வைத்துத்தான் அண்ணன் தெரிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு நான் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. விறகு எடுக்கச் சொன்னால்கூட ஏதாவது சொல்லி நழுவிவிடுவேன். அந்த நாற்பதும் உள்ளே இருக்கின்றன என்று தெரியும். தெரிந்தும் போகவில்லை. நீங்கள் கடைசியாகச் சுட்டது அங்கே அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

சக்கை முழுவதையும் தேடி எடுத்ததில், தாம்பாளத்தில் இப்போது முப்பத்தொன்று இருந்தன. சாம்பாரில் ஒன்றும் இல்லை. அம்மா வடிகட்டித்தான் ஊற்றியிருந்தாள். யார் பார்த்தாலும் நல்ல சாம்பார். ஆனால் நேற்று சாயங்காலத்திலிருந்து அவை வெந்நீரில், புளியில் ஊறியிருந்தன. எவ்வளவு கரையும், எவ்வளவு உள்ளே போனால் என்ன ஆகும், ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னது மட்டும்தான் தெரியும்.

சாம்பாரில் பல்லி விழுந்துவிட்டது என்று சொல்லலாம் என்று முதலில் தோன்றியது. அந்த ஒரு வார்த்தை போதும். அம்மா மறுபேச்சில்லாமல் வாளியோடு கொட்டிவிடுவாள். சக்கையை நான் குப்பையில் போட்டுவிடலாம். டின்னை ஒளித்துவிடலாம். உங்கள் பெயரும் அப்படியே நிற்கும். இவ்வளவு புளிக்கும் கொட்டை எடுத்து வைத்த மருமகள். உயிரோடு இருந்தபோது அம்மாவிடம் கிடைக்காத நல்ல பெயர் இப்போதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை நான் எப்படிப் பிடுங்குவேன்? துப்பாக்கி இந்த வீட்டிலேயே இருந்தது, முற்றத்தில் சுட்டோம், புளியில் சுட்டோம் என்றால் அம்மா யாரைத் திட்டுவாள்? பதில் சொல்ல நீங்கள் இல்லை. வாயைத் திறக்கக்கூடாது என்று நீங்களே என்னிடம் சொல்லியிருந்தீர்கள்.

ஆனால் காக்கிமாவிடம் ஓர் உருண்டை இருந்தது. அவர் சட்னியில் பல்லி விழவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் மேஜையில், ஊரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருக்கிற போர்ட் ஆபீஸ்காரர். வீட்டுக்கு இன்னும் கேஸ் வரவில்லை என்று ஒரு வாரமாக இங்கேதான் சாப்பாடு. பக்கத்தில் அவர் மகள், நாலு வயதுதான் இருக்கும். சோற்றின் நடுவில் விரலால் குழி பறித்துக்கொண்டிருந்தாள். தினமும் அப்படித்தான் செய்வாள்.

"குளம் வெட்டியாச்சா?" என்றாள் அம்மா.

"இன்னும் ஆழமா வேணும் ஆச்சி."

"வெட்டு வெட்டு. இன்னைக்குச் சாம்பாரு எம் மருமக புளியில வச்சதாக்கும்."

"அம்மா" என்றேன் ஜன்னலில் இருந்து.

அது எனக்கே கேட்கவில்லை. அதே வகுப்பறை மாதிரிதான். எழுத்து தெரிந்தது, அர்த்தம் தெரிந்தது. தொண்டைக்குக் கீழே எல்லாம் தயாராக இருந்தது, மேலே வரவில்லை. அம்மா கரண்டியை வாளிக்குள் விட்டாள்.

நான் கதவைத் தாண்டிக் கூடத்துக்குள் போனேன். எத்தனை எட்டு என்று தெரியாது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று மட்டும் தெரிந்தது. கரண்டி சரிகிற நேரத்தில் என் இடது கையை அந்தக் குழந்தையின் சோற்றின்மேல் விரித்து வைத்தேன். சாம்பார் என் புறங்கையில் விழுந்தது.

"என்னளா செய்தே? கிறுக்கா ஒனக்கு?" அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். குழந்தை என்னையே பார்த்தது. அவள் அப்பா எழுந்துவிட்டார்.

நீங்கள் சுடும்போது மூச்சை முழுதாக இழுத்து, பாதி வெளியே விட்டு, அங்கே நிறுத்துவீர்கள். பக்கத்தில் நிற்கும் நானும் என்னை அறியாமல் அப்படியே நிறுத்துவேன். இழுத்தேன். பாதி விட்டேன்.

"யாரும் சாப்பிடாதீங்க. அது அண்ணி வச்ச புளி இல்லம்மா. நான் வச்சது."

"நீயா? நீ எதுக்கு?"

வலது கையைத் திறந்து காட்டினேன். எடுத்ததில் மூன்று அதில் இருந்தன. அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது அந்தத் துப்பாக்கியில போடுததுல்லா?"

"ஆமா."

"ஒங்க அண்ணன் கொண்டுபோய் வித்துட்டேன்னு சொன்னான்."

"பரணில இருக்கு. அண்ணி தினமும் சுட்டாங்க. நான்தான் அதுக்குப் பெட்டி செஞ்சேன். புளியில. கொட்டை எல்லாம் நான்தான் எடுத்தேன். சாப்பாட்டுப் பக்கம் கொண்டுவரக்கூடாதுன்னு அண்ணி சொன்னாங்க. விஷம்னு எழுதச் சொன்னாங்க. நான்தான் எழுதலை."

இவ்வளவு வார்த்தைகளை ஒரே மூச்சில் நான் பேசி அம்மா கேட்டதில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அம்மா அந்தக் குண்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நல்லாச் சுடுவாளா?" என்று கேட்டாள்.

"நாற்பதில ஒண்ணுகூட வெளிய போகாது."

அம்மா குண்டைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். போர்ட் ஆபீஸ்காரர் குழந்தையின் தட்டைத் தள்ளி வைத்தார். எனக்குக் கை எரிந்தது. மேலே காக்கிமாவின் அடுப்படியில் கடாய் வைக்கிற சத்தம் கேட்டது.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், சாம்பாரை முழுவதும் சாக்கடையில் கவிழ்த்தேன். பிறகு மாடிப்படி ஏறி, காக்கிமாவின் கதவைத் தட்டினேன்.